பெரியப்பாவின் கிணறு

திருவக்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் கல்குவாரி வரப்போகிறது என்று பேச்சு எழுந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். குவாரியைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. தூசி அளக்கிற மெஷினைப் பெரியப்பா வீட்டு மாடியில் வைத்துவிட்டார்களே என்பதுதான் கவலை.

குவாரிக்கு அனுமதி கேட்பதற்கு முன் சுற்றுவட்டாரத்துக் காற்று, தண்ணீர், பயிர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போக மூன்று பேர் ஜீப்பில் வந்திருந்தார்கள். மெஷின் வைக்க மாடி வேண்டும். பெரியப்பாவுடையது மெத்தை வீடு, எங்களுடையது ஷீட் போட்டது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் பெரியப்பா மகள் அதைத் தான் வாங்கிய பரிசு போல நடத்தினாள். பள்ளிப் பிள்ளைகளை எல்லாம் மேலே கூட்டிப்போய்க் காட்டினாள். என்னை மட்டும் படியிலேயே நிறுத்தினாள்.

"நீ வராதடி. தொட்டுக்கினே இருப்ப. அப்புறம் கணக்கு தப்பாயிடும்."

எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் அவர்களில் கண்ணாடி போட்ட சார் ஒருவர் கிணறுகளைக் குறித்துக்கொண்டு எங்கள் கழனிக்கு வந்தார். அப்பாவும் அம்மாவும் வேறொரு கழனிக்கு மல்லாட்டைக் கடலை பிடுங்கப் போயிருந்ததால் நானே கிணற்றைக் காட்டினேன். கயிறு விட்டு ஆழம் பார்த்து எழுதிக்கொண்டார். பனைவரிசைக்கு அப்பால் ஒரு மோட்டார் கொட்டகையின் தலை மட்டும் தெரிந்தது.

"அது யாருதும்மா?"

"எங்க பெரியப்பாதுங்க சார். அந்தக் கிணத்துல தண்ணியே இல்ல. பயிர் வெச்சே ரொம்ப நாளாச்சு, சும்மா கெடக்குது."

நல்ல வெயில். அவர் அவ்வளவு தூரம் நடக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

சில மாதம் கழித்துப் பந்தல் போட்டுக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. அறிக்கையில் தன் நிலத்துக்கு நேராக 'தரிசு, வறண்ட கிணறு' என்று இருந்ததைப் பார்த்த பெரியப்பா மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"காலையில கூட நெல்லுக்குத் தண்ணி பாய்ச்சிக்கினு இருந்தேங்க. தரிசுன்னு எவன் சொன்னான்?"

அப்பாவும் அவர் பக்கத்தில் போய் நின்று மைக்கை வாங்கினார். "கோடையில எங்க கிணறு வத்திடுங்க. எங்கண்ணன் கிணத்துல இருந்துதான் எங்களுக்கும் தண்ணி."

கூட்டத்தை நடத்திய அதிகாரி கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் கூட்டத்தைப் பார்த்தார். அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் இருந்த என்னையும் பார்த்தார்.

"நான் நேர்ல போய்ப் பாக்கலைங்க சார். என் தப்புதான்."

எல்லோர் எதிரிலும் அவர் திட்டு வாங்கினார். மறுபடி அளக்கச் சொல்லிக் கூட்டத்தை முடித்தார்கள். குவாரி இன்றுவரை வரவில்லை.

அன்று வீட்டுக்கு நடக்கும்போது நான் தேம்பித் தேம்பி அழுதேன். பயத்தில் அழுகிறேன் என்று நினைத்து அம்மா தூக்கிக்கொண்டாள். பெரியப்பா கிணற்றைப் பற்றி மைக்கில் அத்தனை பேர் பேசினார்களே, எங்கள் கிணற்றைப் பற்றி ஒருவரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லையே என்றுதான் அழுதேன்.

முன்பின் தெரியாத ஒரு மனிதர் எனக்காகத் தலை குனிந்து நின்றது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.