மேல மட்டும் மறைச்சிடுங்க

சுற்றுச்சூழல் அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவளை எல்லோரும் ஜெராக்ஸ் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் கையில் ஒரு வித்தை இருந்தது. தாளின் தலைப்பை வெள்ளைக் காகிதப் பட்டையால் மறைத்து நகலெடுப்பாள். மறைத்த இடத்தில் கோடோ நிழலோ விழாது. எதிர் அலுவலகத்துக் குமாஸ்தா பதினோரு வருடமாக இதற்காகவே படியேறி வருவார்.

"மேல மட்டும் மறைச்சிடுங்கக்கா."

மேலே சிமெண்ட் ஆலையின் பெயரும் சின்னமும் இருக்கும். கீழே அரசின் புதிய புகை விதிகள் இருக்கும். மறைத்து எடுத்த நகலில் முத்திரை குத்தினால் விதி பிறந்துவிடும். "உங்க கை பட்டாத்தான் உத்தரவு உத்தரவு மாதிரி இருக்கு," என்று குமாஸ்தா மெச்சுவார். அவளுக்கும் உச்சி குளிரும். ஒன்றையும் படித்ததில்லை. வருகிற தாளையெல்லாம் படிக்க உட்கார்ந்தால் கடை நடந்த மாதிரிதான்.

இந்த முறை விஷயம் வீட்டுக்குள் வந்தது. ஆலையின் புகைபோக்கிக்கு வடிகட்டி வேண்டுமா, வேண்டாமா என்று அரசு மக்களிடம் கருத்துக் கேட்டது. அவள் கணவருக்கு நான்கு வருடமாக மூச்சிரைப்பு. படுத்தால் அடைக்கிறது என்று உட்கார்ந்தே தூங்குகிற மனுஷன். அவருக்காக வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மனு எழுதி, காலை பதினொரு மணிக்குக் கொடுத்து ரசீதும் வாங்கி வந்தாள்.

பதினொன்று இருபதுக்குக் குமாஸ்தா வந்தார். "நாளைக்குக் கூட்டம். முந்நூறு காப்பி. மேல மட்டும் மறைச்சிடுங்க." தாளை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

தன் தெருவின் பெயர் கண்ணில் பட்டதால்தான் படித்தாள். அவள் மனுவுக்கான பதில் அது. போன மாதத் தேதி போட்டிருந்தது. 'மேற்படி தெருவில் மூச்சுத் தொல்லை உள்ளவர் எவரும் இல்லை. எனவே வடிகட்டி தேவையில்லை. மனு தீரப் பரிசீலித்து நிராகரிக்கப்படுகிறது.'

பின்னால் ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்த கணவர் வாங்கிப் படித்தார். மூன்று வரிக்குள் இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கினார்.

"அப்ப இத்தனை நாளா இரைக்கிறது யாருக்கு?" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே ஆத்திரமும் வந்தது. ஆலைமேல் பாதி, தன்மேல் பாதி. முந்நூறு நகலும் எடுத்துக் கட்டிக் கொடுத்தாள். பட்டை இழுப்பறையிலேயே கிடந்தது. கட்டைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் குமாஸ்தாவுக்கு இல்லை. பதினோரு வருட நம்பிக்கை.

மறுநாள் நாற்காலிக்கு ஒன்றாக வைத்தார்கள். படிக்கப் படிக்கக் கூட்டம் சலசலத்தது. மேடையிலிருந்த அதிகாரிக்கு வியர்த்துவிட்டது.

"தாளை எல்லாரும் திருப்பிக் கொடுத்துடுங்க. மேல இருக்கறதைப் படிக்காதவங்க மட்டும் வச்சுக்கலாம்," என்றார்.

ஒருவரும் கொடுக்கவில்லை. குமாஸ்தா ஜெராக்ஸ் அக்காவைக் கைகாட்டினார்.

"ஏம்மா, கம்பெனி பேரு இதுல எப்படி வந்துச்சு?" என்று கேட்டார் அதிகாரி.

அவள் எழுந்து நின்றாள். "புதுசா வரல சார். பதினோரு வருஷமா அங்கதான் இருக்கு. நான்தான் மறைச்சுட்டு இருந்தேன்."

கூட்டம் அடங்கிப்போனது. பக்கத்து நாற்காலியில் அவள் கணவருக்கு இரைக்கும் சத்தம் மேடைவரைக்கும் கேட்டது.