பூட்டுக்காரர் வீட்டு மின்னூல்

அலுவலகத்தில் அவரைப் பூட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். அதை அவர் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். மின்னூல் விற்கும் கம்பெனியில் அவருக்கு வேலை, காசு கொடுத்து வாங்கியவர் அந்த நூலைக் கம்பெனியின் வாசிப்புக் கருவியைத் தவிர வேறெதிலும் திறந்துவிடாமல் மென்பொருள் பூட்டுப் போட்டு வைப்பது. கருவி நூலை உரக்க வாசிக்கும் வசதியையும் அவர்தான் அடைக்கச் சொன்னார். காதால் கேட்க ஆசைப்படுகிறவன் ஒலிநூலைத் தனியாக வாங்கட்டுமே என்று அவர் கூட்டத்தில் பேசியபோது மேலதிகாரிக்குப் பெருமையில் கண் கலங்கியது. வைக்கோல் போரில் படுத்த நாயைப் பழித்த முன்னோர்கள், அந்த நாய்க்கும் பதவி உயர்வு உண்டு என்பதை யோசிக்கவில்லை.

அவருடைய மச்சான், மனைவியின் தம்பி, எதிர்க்கட்சி. சின்னதாகப் பதிப்பகம் வைத்து, எந்தப் போனிலும் திறக்கும் பொது வடிவத்தில் நூல் போட்டுக்கொண்டிருந்தான். அவன் வெளியிட இருந்த ஒரு துப்பறியும் நாவலை, எழுத்தாளரை வளைத்துப் பிடித்துக் கம்பெனிக்கே எழுதி வாங்கினார் பூட்டுக்காரர். வேறெந்த வடிவத்திலும், காகிதத்தில்கூட, வரக்கூடாது என்று ஒப்பந்தம். குடும்பம் வேறு, தொழில் வேறு என்று மச்சானுக்கு ஆறுதலும் சொன்னார்.

அந்த நாவலைப் பாதி படித்திருந்தபோது அவர் மனைவிக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கியது. எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, திரைக்கு ஒரு சொல் என்று வந்தபோது அதுவும் தெரியாமல் போனது. அவள் கேட்டதெல்லாம் மிச்சக் கதை. கருவியோ வாய் திறக்காது. ஒலிநூலைக் கம்பெனி இன்னும் தயாரிக்கவே இல்லை.

"நீங்களே படிச்சுக் காட்டுங்களேன்" என்றாள். அவர் மறுக்கவில்லை. நேராகக் கடைசிப் பக்கத்தைத் திறந்து, கொலை பண்ணியது புருஷன்தான் என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினார்.

தம்பி வந்தான். பூட்டை உடைத்துப் பொது வடிவத்துக்கு மாற்றிவிட்டால் போனே வாசித்துவிடும் என்று அக்காவைத் தேற்றி, கருவியைக் கணினியில் சொருகினான். பூட்டுக்காரர் திரும்பியபோது திரை வெறுமையாக இருந்தது. யாரோ கை வைத்ததை மோப்பம் பிடித்த பூட்டு, நாவலை அழித்து, அந்த வீட்டுக்கே இனி நூல் இல்லை என்று கணக்கையும் முடக்கிவிட்டது. மேல்முறையீடு கிடையாது, அந்த விதியும் அவர் எழுதியதுதான்.

மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியாடா மச்சான்? தலைகீழா நின்னாலும் முடியாது."

"ஏதோ பெத்த பிள்ளை முதல் மார்க் வாங்கின மாதிரி சிரிக்கிறீங்களே மாமா. அக்கா மூஞ்சியக் கொஞ்சம் பாருங்க."

"கதையத்தான் சொல்லிட்டேனே, புருஷன்தான்னு. அப்புறம் என்ன?"

"அது ஆரம்பத்துலயே தெரியும்ங்க" என்றாள் மனைவி, குரல் வந்த பக்கம் திரும்பி. "புருஷன் இல்லாம வேற யாரு? எப்படி மாட்டிக்கிட்டான்னுதான் கேக்க ஆசைப்பட்டேன்."

அது கடைசிப் பக்கத்தில் இல்லை. ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாவல் திரும்ப வந்திருக்கும். ஆனால் சொந்தக்காரருக்காக விதியை வளைக்கிற ஆள் அவர் இல்லை. மாட்டியவன் எப்படி மாட்டினான் என்று தெரியாமலே அவள் போய்ச் சேர்ந்தாள்.