புதன்கிழமை மூன்று மணிக்கு மில் பூட்டியிருக்கும்

அன்று போகி. கம்போங் செட்டியில் அந்த வீட்டுச் சமையலறைக்குள் இருந்தவர்கள் ஆறு பேர்: வீட்டுக்கார மாச்சிக் (மலாயில் பெரியம்மா, அத்தை என்பதுபோல), அவருடைய மருமகள்கள் இரண்டு பேர், நான், என் மனைவி, என் மனைவியின் அண்ணன். ஏழாவது ஆள் கிடையாது. இதை முதலிலேயே எழுதி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பிறகு என் மச்சான் காஜா பெராங் முழுக்கச் சொல்லித் திரிந்த கதையில் அவரும் இல்லை, அவர் தங்கையும் இல்லை. நான் ஒருவன் மட்டும்தான் அங்கே இருந்தேனாம்.

எனக்கு அப்போது காஜா பெராங் சாலையோரம் ஒரு மிளகாய் மில் இருந்தது. மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று கோப்பிக் கடைகளில் மேசைக்கு மேசை பேசிக்கொண்டிருந்த காலம். மிளகாயும் மல்லியும் கொண்டு வருபவர்களுக்கு அரைத்துக் கொடுப்பேன். நானே கறித்தூள் கூட்டிப் பொட்டலம் போட்டும் விற்பேன். மோட்டார் வாங்கியதில் இருநூறு வெள்ளி மச்சானுடையது. அவர் பத்து பெரெண்டாம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. ஞாயிறு தவறாமல் மோட்டார் சைக்கிளில் வந்து, என் முக்காலியில் உட்கார்ந்து, என் காசில் கோப்பி குடித்துக்கொண்டு எனக்குத் தொழில் சொல்லிக் கொடுப்பார்.

"கடைக்குள்ளேயே உக்காந்திருந்தா நீங்க இருக்கீங்கன்னு யாருக்கு மாப்ளே தெரியும்? வாரத்துல ஒரு நாள், ஒரே நேரம், வெளியே போங்க. வீடு வீடா. வாங்குனாலும் சரி, கதவைச் சாத்துனாலும் சரி. டவுன் கடைக்காரன் சைக்கிள்ல ஆள் விடுறானே, சனிக்கிழமை ஒரு வாரம் தவறுறானா?"

அவர் சொன்னது சரி. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தப்பாகச் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

போகலாம்தான். ஆனால் நான் போன நேரத்தில் யாராவது ஐந்து கட்டி எடை மல்லியோடு வந்து பூட்டைப் பார்த்துவிட்டு வேறு மில்லுக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டால்? மெயின் சுவிட்சை அணைத்தேனா? கூரை ஒழுகி மூட்டை நனைந்தால்? பையைத் தூக்கிக்கொண்டு நாலு வீடு தாண்டுவதற்குள் சுவிட்சைப் பார்க்கத் திரும்பி வருவேன். திரும்பி வந்த இடத்தில் ஒரு வேலை நிற்கும். அதோடு அந்த வாரம் முடிந்தது. வியாபாரம் ஓடுகிற வாரத்தில் போக நேரம் இருக்காது. படுத்துவிட்ட வாரத்தில் போக முகம் இருக்காது.

அந்த மார்கழியில் மச்சான் தவணை வைத்துவிட்டார். "அடுத்த தீபாவளி வரைக்கும் பார்ப்பேன். என் இருநூறு வெள்ளி வரலேன்னா மில்லு எனக்கு. நீங்க வேணும்னா கூலிக்கு அரைச்சுக் கொடுங்க, நான் வேணாங்கல." இதைச் சொல்லும்போது சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்தார். என் மனைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கம்போங் செட்டியில், தலைமுறை தலைமுறையாக மலாயே பேசி வாழும் நம் ஆட்களின் அந்தக் குடியிருப்பில், மாச்சிக் எந்தத் தூளை வாங்குகிறாரோ அதைத்தான் அந்த வரிசை வீடுகள் எல்லாம் வாங்கும். பொங்கலுக்கு முன் அவரைப் பிடித்துவிடலாம் என்று மச்சான் திட்டம் போட்டார். போகி அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமை, அன்றுதான் அவருக்கு லீவு. நான் வேண்டாம் என்றேன். அன்று வீடு வீடாகப் பார்ச்சு, அதாவது முன்னோர்களுக்குப் படையல். வேலை மும்முரத்தில் இருப்பார்கள் என்றேன். "வேலை இருந்தா அடுப்பு எரியும். அடுப்பு எரிஞ்சா தூள் வேணும். இது புரியலையா மாப்ளே?" என்றார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன், அவர் சீனியர் பரீட்சை வரை போனவர். போனோம். பொட்டலங்களை எடுத்துக் கொடுக்க என் மனைவியும் வந்தாள்.

வாசலில் மாவிலை. உள்ளே விளக்கு. மருமகள்கள் சாரோங் கபாயாவில், நெற்றியில் திருநீற்றோடு வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய சட்டியில் ஆட்டிறைச்சி கொதித்துக்கொண்டிருந்தது. நான் குனிந்து தகர டப்பாவின் மூடியை நெம்பிக்கொண்டிருந்தேன். நிமிர்வதற்குள் மச்சான் அகப்பையை எடுத்து, குழம்பைத் தன் உள்ளங்கையில் விட்டு நக்கிவிட்டார். சப்புக்கொட்டினார். பிறகு எங்கள் தூளில் ஒரு கரண்டி சட்டிக்குள் போட்டு, அதே அகப்பையால் கலக்கி, சின்ன மருமகளிடம் நீட்டினார்.

"சூபா ராசா!" ருசித்துப் பார் என்கிறார், கிராணி மலாயில்.

"ஜாஙான்!" தொடாதே என்று மாச்சிக் கத்தினார். அந்தச் சத்தத்தில் சின்னவள் இலையைக் கீழே போட்டாள்.

பிறகு அவர் கத்தவில்லை. அதுதான் மோசம். அவர் பேசியதெல்லாம் அவர்கள் வீட்டு மலாய். நான் என் தமிழில் எழுதுகிறேன். "இது எங்க பெரியவங்களுக்கு வைக்கிறது. அவங்க சாப்பிடுறதுக்கு முன்னாடி நாங்களே உப்பு பார்க்க மாட்டோம். நீ யாரு, எங்க செத்தவங்களுக்கு முன்னாடி பந்தியில உக்கார?"

மச்சான் சிரிக்கப் பார்த்தார். மாச்சிக் சட்டியைத் துணி பிடித்து இறக்கி, பின்பக்கம் கொண்டு போய்க் கொட்டினார். இரண்டு பேர் தூக்க வேண்டிய சட்டி. தனியாகத்தான் தூக்கினார்.

இதே மச்சான் தன் வீட்டில் படையலுக்கு முன் பிள்ளை ஒரு வடையைத் தொட்டால் காது சிவக்க அறைபவர். வெளியே வந்ததும் கேட்டேன், உங்களுக்குத் தெரியாதா என்று.

"இவங்களுக்கு என்ன மாப்ளே, சாரோங் கட்டிக்கிட்டு மலாய் பேசுறவங்க. இதையெல்லாம் பார்ப்பாங்கன்னு யாரு கண்டா?"

"நெத்தியில பட்டை தெரியலையா மச்சான்?"

"சரி, சரி. ஆனதுக்கு எவ்வளவோ அதுல பாதி நான் தர்றேன். ஊர்ல சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க."

சந்தையில் ஆட்டிறைச்சி தீர்ந்திருந்தது. இறைச்சிக் கடைக்காரர் வீட்டுக்கே போய், அவர் தன் வீட்டுக்கு எடுத்து வைத்திருந்ததை அதிக விலை கொடுத்து வாங்கினேன். தேங்காய், வெங்காயம், மற்ற சாமான் எல்லாம் சேர்த்துப் பதினெட்டு வெள்ளி நாற்பது காசு. பொழுது சாய்வதற்குள் கொண்டு போய் வாசலில் வைத்தேன். மாச்சிக் மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

நான் ஊரில் சொல்லவில்லை. மச்சான் சொன்னார். "எங்க மாப்பிள்ளை படையல் சட்டியில கையை விட்டுட்டாரு. வியாபார புத்தி பத்தாது, பாவம்." அரைக்க வந்தவர்கள் என் கையைப் பார்த்துவிட்டுத்தான் மிளகாயைக் கொடுத்தார்கள். ஒருத்தி கழுவிவிட்டு வரச் சொன்னாள்.

வீட்டில் மனைவியிடம் கேட்டேன். "நீயும் அங்கதானே இருந்தே? ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"அண்ணன் காசு மில்லுல கிடக்குது. நான் வாயைத் திறந்தா அதை நாளைக்கே கேப்பாரு. வச்சிருக்கீங்களா?"

வைத்திருக்கவில்லை. அன்று அவள் போட்ட சோற்றைக் கோபத்தோடு சாப்பிட்டேன்.

தை முடிந்ததும் புதன்கிழமை வெளியே போகத் தொடங்கினேன். ஆசையால் அல்ல, வெறுப்பால். அந்த மனிதர் என் மோட்டாருக்கு முன்னால் முதலாளியாக உட்கார்ந்து எனக்குக் கூலி கொடுப்பதை நினைத்தால் வயிறு எரிந்தது. புதன்தான் கூட்டம் குறைந்த நாள். அட்டையில் என் மனைவி எழுதித் தந்தாள்: புதன்கிழமை மூன்று மணிக்கு மில் பூட்டியிருக்கும். சுவிட்சை அணைத்தேனா என்ற சந்தேகத்துக்கு ஒரு வழி செய்தேன். அணைத்துவிட்டு ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். நடக்கும்போது தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். ஃபியூஸ் என்னிடம் இருக்கும் வரை மில் எரியாது.

வேறு எல்லாம் எரிந்தது. மல்லியோடு வந்த ஒருவர் பூட்டும் கையுமாக என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்னய்யா, கவர்மெண்டு ஆபீஸா நடத்துறே? நேரம் போட்டு மாட்டியிருக்கே?"

"அஞ்சு மணிக்கு வந்துடுவேங்க."

"அஞ்சு மணிக்கு நான் வர மாட்டேன்."

அவர் வரவே இல்லை. அன்று முழுக்க அவருடைய ஐந்து கட்டி மல்லியை நினைத்துக்கொண்டே நடந்தேன். கிளேபாங்கில் ஒரு வீட்டில் நாயை விட்டார்கள். இன்னொரு வீட்டில் ஒரு பொட்டலத்தை வாங்கி, முகர்ந்து, திருப்பிக் கொடுத்துவிட்டு, "போன மாசமே சைக்கிள்காரர்கிட்ட வாங்கிட்டோம்" என்றார்கள். அந்தச் சைக்கிள்காரரே ஒரு நாள் எதிரில் வந்தார். டவுன் கடைக்காக வேறு வசூலுக்குப் போகிறாராம்.

"அண்ணே, நான் சனி, நீங்க புதன். இன்னும் ஏழு பேரு வந்தா நவக்கிரகம் சுத்தலாம்."

"நீ சுத்துற வரைக்கும் நானும் சுத்துறேன்டா" என்றேன். மணியடித்துக்கொண்டு போனான். அதுவரை அவனை மரியாதையாகத்தான் பேசி வந்தேன்.

மழை பெய்தாலும் போனேன். காய்ச்சலோடும் ஒரு புதன் போனேன். சித்திரைக்குப் பிறகு டவுன் பக்கம் சில வீடுகள் வாங்கத் தொடங்கின. என் தூள் திடீரென்று நன்றாகிவிடவில்லை. புதன்கிழமை அந்த மனுஷன் வருவான் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்துபோனது. ஒரு வீட்டில் தாமதமாகப் போனதற்குத் திட்டினார்கள். வாங்குவதே அரைக் கட்டி, அதற்குத் திட்டு வேறு. ஆனால் திட்டியவர்கள் வாங்குவதை நிறுத்தவில்லை.

கம்போங் செட்டிக்கும் ஒவ்வொரு புதனும் போனேன். மாச்சிக் வீட்டு வேலிக்கு வெளியே நின்று, என்னென்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். டப்பாவைத் திறக்க மாட்டேன். யாரையும் ருசி பார்க்கச் சொல்ல மாட்டேன். உள்ளேயிருந்து பதில் வராது. சில நாள் ஜன்னல் சாத்தும் சத்தம் வரும். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். அவர் வாங்காத வரை அந்த வரிசையில் ஒருவரும் வாங்கவில்லை. ஆடி வந்தபோது கையில் நூற்றி முப்பது வெள்ளி சேர்ந்திருந்தது. இன்னும் எழுபது. மச்சான் ஞாயிறுகளில் மோட்டாரைத் தட்டிப் பார்த்து, சத்தம் சரியில்லையே என்று சொல்லத் தொடங்கியிருந்தார். அவர் பொருளை அவர் பார்த்துக்கொள்வதுபோல.

ஒரு புதன் மாச்சிக் கதவைத் திறந்து வேலி வரை வந்தார்.

"தம்பி, நீ சாகிற வரைக்கும் இப்படி வருவியா?"

"வருவேன் மாச்சிக்."

"அப்ப சீக்கிரம் சாவு." போய்விட்டார்.

ஏழு மாதத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அந்த வருடத்தில் முதல் முறையாகச் சிரித்தாள்.

சுதந்திரம் ஒரு சனிக்கிழமை வந்தது. அதற்கு முந்தைய புதன் ஊரெல்லாம் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வேலியருகே நின்று வழக்கம்போல ஒப்பித்தேன். மாச்சிக் வந்தார்.

"சனிக்கிழமை டவுன் கடை பூட்டாம். சைக்கிள் வராதாம். வீட்டுக்கு ஆளுங்க வராங்க. இறைச்சித் தூள் ரெண்டு கட்டி கொடு. தூள்ல கல்லு கிடந்துச்சுன்னா அந்தச் சட்டியை உன் தலையில கவுத்துடுவேன்."

அவசரமாக எடுத்ததில் இரண்டு பொட்டலம் கிழிந்தது. அவர் நின்று பார்த்தார். காசைக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "அன்னிக்கு வாயை வச்ச அந்தக் கிராணி எங்கே?"

"ஞாயித்துக்கிழமை வருவார்."

"அவன் இந்தப் பக்கம் வரக்கூடாது. நீ வா. வேலிக்கு வெளியே."

கடைசி வரை வேலிக்கு வெளியேதான். அடுத்த புதன் அவர் வாங்கினார், பக்கத்து வீடும் வாங்கியது, பிறகு அந்த வரிசை. பூட்டிய மில்லைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போனவர்களை நினைத்துத் தூங்காத இரவுகள் குறையவில்லை. ஆனால் புதன்கிழமை மூன்று மணியானால் என் கை தானாக ஃபியூஸைக் கழற்றியது.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மச்சான் வந்தார். முக்காலியில் உட்காருவதற்கு முன்பே இருநூறு வெள்ளியை அவர் கையில் வைத்தேன். எச்சில் தொட்டு எண்ணினார். ஏமாந்த முகம். உடனே அதை மறைத்துக்கொண்டு என் முதுகில் தட்டினார்.

"நான் என்ன சொன்னேன்? வாரம் தவறாம போனா வியாபாரம் வரும்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. போகியன்னிக்கு இன்னொண்ணும் சொன்னீங்க. பாதி தர்றேன்னு."

"எதுல பாதி?"

"கொட்டின சட்டிக்கு."

"அது நீங்க பண்ணின கூத்து மாப்ளே. ஊருக்கே தெரியும்."

அப்போது என் மனைவி அடுப்பை விட்டுத் திரும்பினாள். "அண்ணே, நானும் அங்கதான் இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். மச்சான் கோப்பியைக் குடித்து முடிக்கவில்லை. அடுத்த ஞாயிறு தருவதாகச் சொல்லி மோட்டார் சைக்கிளை உதைத்தார். ஒரு ஞாயிறு தவறாத மனிதர், அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. பிறகு கல்யாணங்களிலும் காரியங்களிலும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நான் கேட்டேன், ஒவ்வொரு முறையும் அவர் வேறு யாரையோ கும்பிடப் போய்விட்டார்.

பதினெட்டு வெள்ளி நாற்பது காசில் பாதி. இன்றுவரை பாக்கி: ஒன்பது வெள்ளி இருபது காசு.