மிசினுக்கு அக்கா உண்டா?

அப்பாவின் கட்டிலுக்கு மேலே, உத்தரத்திலிருந்து ஒரு கயிறு தொங்கும். அதைப் பிடித்துத்தான் அவர் எழுந்து உட்காருவார். ஒரு காலத்தில் அவரைக் கடலுக்கடியிலிருந்து மேலே இழுத்த கயிறு அது. அப்பா இறந்த பிறகும் அதை அவிழ்க்க எங்களுக்குத் தோன்றவில்லை.

தூத்துக்குடியில் முத்தும் சங்கும் குளித்தவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. குளிப்பவனின் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். அக்காள் தாலியறுவதை எந்தத் தம்பி பார்த்துக்கொண்டிருப்பான்? கயிறு அசைந்தால் கண்ணிமைக்குமுன் இழுத்துவிடுவான். அப்பாவுக்கு என் தாய்மாமா பிடித்தார்.

எழுபதுகளில், ஆழத்தில் மூழ்கிய ஒரு தோணியின் சரக்கை எடுக்க வெளியூர்க்காரர் ஒருவர் காற்று இயந்திரம் கொண்டுவந்தார். குழாய் வழியே மூச்சு. வெகுநேரம் அடியிலேயே வேலை செய்யலாம். அப்பா அந்த வேலைக்குப் போகக்கூடாது என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். “மிசினுக்கு அக்கா தங்கச்சி உண்டா? நின்னு போச்சுன்னா அதுக்கென்ன நட்டம்?” அப்பா சிரித்தார். “ஏளா, அது பக்கத்துல உன் தம்பில்லா இருக்கான்!” அதோடு அம்மா அடங்கினாள். மேலே வரும்போது நின்று நின்று மெதுவாக வர வேண்டும், இழுக்கவே கூடாது என்று வெளியூர்க்காரர் படித்துப் படித்துச் சொன்னார். யார் காதில் ஏறும்? எங்கள் கரையில் மெதுவாக இழுப்பவன் பகையாளி.

ஒருநாள் அப்பா வெகுநேரம் அடியில் இருந்தபோது இயந்திரம் செருமியது. நிற்கவில்லை, செருமியது, அவ்வளவுதான். மாமா உள்ளங்கைத் தோல் உரிய ஒரே மூச்சில் இழுத்துப் போட்டார். அப்பா சிரித்துக்கொண்டேதான் கரையேறினார். பொழுது சாய்வதற்குள் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வேகமாக மேலே வந்ததுதான் காரணம் என்றார் பெரியாஸ்பத்திரி டாக்டர். “அவருக்குக் கடலப் பத்தி என்ன தெரியும்? மிசின் காத்து காலத் தின்னுட்டு” என்றாள் அம்மா. ஊரும் அதையே சொல்லி, உயிரைக் காத்தவன் என்று மாமாவைக் கொண்டாடியது. அப்பாவும் சாகும்வரை அதைத்தான் நம்பினார். டாக்டர் சொன்னதை நம்பியவர் மாமா ஒருவர்தான். எனக்கு அன்று அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை. மரத்துப்போன இடத்தைக் கிள்ளிப் பார்ப்பதுபோல்தான் இருக்கிறது.

மாமா தினமும் காலையில் வருவார். அப்பா கயிற்றைப் பிடித்து எம்புவார். மாமா முதுகுக்குக் கைகொடுத்து, கொஞ்சம் தூக்கி, நிறுத்தி, மறுபடி கொஞ்சம் தூக்குவார். அப்பாவுக்குப் பொறுக்காது. “ஏலே, கயிறு பிடிச்ச கையா இது? வெரசாத் தூக்குலே!” மாமா ஒருநாளும் வேகமாகத் தூக்கியதில்லை.

போன வாரம் வந்த மாமா அந்த வெறுங்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வயதாகிவிட்டது, எழ முடியவில்லை. கயிற்றைக் காட்டினேன். வேண்டாமென்று தலையசைத்துவிட்டு என்னிடம் கையை நீட்டினார்.

“மெதுவா, தாயி” என்றார்.