ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்கேன் அறையின் பாஸ்வேர்டு

நாராயணியை ராஜபாளையம் ஸ்கேன் சென்டரில் வேலைக்கு எடுத்தது ரிப்போர்ட் டைப் அடிக்க. பதினெட்டு வருஷம் ஆகிறது. வருகைப் பதிவேட்டில் இன்றைக்கும் டைப்பிஸ்ட்தான். ஆனால் பிரிண்டர் காகிதத்தை மென்றாலும், நெட் அறுந்தாலும், கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தாலும் கட்டடம் முழுக்க ஒரே குரல்: "நாராயணியக்காவக் கூப்பிடு." எதையாவது ஒருமுறை சரிசெய்து தொலைத்தால் அது ஆயுசுக்கும் நம் வேலையாகிவிடும் என்பது அவளுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

பாஸ்வேர்டு வேலையும் அப்படி வந்து ஒட்டிக்கொண்டதுதான். ஸ்கேன் படங்கள் எல்லாம் தினமும் மத்தியானம் சென்டரின் முதலாளி டாக்டர் நம்பியின் அலமாரிக்குள் இருக்கும் கறுப்புப் பெட்டிக்கு ஒரு நகல் போய்ச் சேரும். அனுப்புவது ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் இருக்கும் பேக்கப் சாஃப்ட்வேர். பெட்டியின் பாஸ்வேர்டை அது தனக்குள் சேமித்து வைத்திருக்கும். டாக்டர் வருஷத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜை அன்றைக்கு, அந்த பாஸ்வேர்டை மாற்றுவார். உடனே நாராயணி ஒவ்வொரு கம்ப்யூட்டராக உட்கார்ந்து பழையதை அழித்துப் புதியதைப் போட வேண்டும். போடாவிட்டால் சாஃப்ட்வேர் பழைய சாவியை வைத்துக்கொண்டு பூட்டைத் திருகியபடியே நிற்கும். புதிய பாஸ்வேர்டு டாக்டருக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். போனில்கூடச் சொல்லக் கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு.

போன ஆயுத பூஜைக்கு ராஜபாளையத்தில் ஒன்பது கம்ப்யூட்டரையும் முடித்துவிட்டு, மத்தியானம் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் கிளைக்குப் போனாள். அங்கே ஒரு ஸ்கேன் மிஷினும் ஒரு கம்ப்யூட்டரும்தான். எப்போதும் சாயங்காலம் பூஜை போடுகிறவர்கள், அந்த வருஷம் காலையிலேயே போட்டு முடித்திருந்தார்கள். கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், தலைமேல் கதம்ப மாலை. பூஜையில் வைத்த பொருளை மறுநாள் வரைக்கும் தொடக் கூடாது. அதைக் கிளையின் ஆபரேட்டர் ஸ்ரீஜா அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாராயணி வீட்டிலும் அன்றைக்கு அரிவாள்மணை மாலையோடுதான் இருந்தது.

"நாளைக்கு வாரேன்" என்று சொல்லி, பொரியையும் கடலையையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

மறுநாள் விடியற்காலை மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதற்கப்புறம் நாராயணிக்கு நாள் என்று ஒன்று தனியாக விடியவில்லை. நாலரைக்கு எழுந்து, மாமியாரைத் துடைத்து, படுக்கையை மாற்றி, சோறு வடித்து, ஒன்பதுக்கு சென்டரில் உட்கார்ந்து, ஆறரைக்குத் திரும்பி, மறுபடியும் துடைத்து. ஸ்ரீவில்லிபுத்தூர் அரை மணி நேர பஸ் தூரம். அந்த அரை மணி நேரம் அவளுக்கு வாய்க்கவில்லை. பிறகு அது மறந்தே போயிற்று. ஐந்து மாதம் ஓடிவிட்டது.

பங்குனி பிறந்த வாரம் கிளைக் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் செத்தது. மதுரையிலிருந்து வந்தவன் புது டிஸ்க் போட்டு, ஆடியில் சர்வீஸுக்கு வந்தபோது எடுத்து வைத்திருந்த நகலிலிருந்து சாஃப்ட்வேரை எல்லாம், சேமித்த பாஸ்வேர்டோடு, பழையபடி ஏற்றிவிட்டு, பழைய டிஸ்கில் ஒன்றும் தேறாது என்று கையை விரித்தான். யாரும் கவலைப்படவில்லை. பெட்டியில்தான் நகல் இருக்கிறதே!

இரண்டு நாள் கழித்து ஸ்ரீஜா போன் செய்தாள்.

"அக்கா, கான்சாபுரத்துலேருந்து மாஜிதான்னு ஒருத்தவங்க வந்திருக்காங்க. கார்த்திகையில கழுத்துல ஸ்கேன் எடுத்தாங்களாம். அந்தப் படம் வேணுமாம். பேக்கப்ல எடுத்துத் தாறீங்களா?"

நாராயணி தன் கம்ப்யூட்டரில் கறுப்புப் பெட்டியைத் திறந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் என்று போட்ட ஃபோல்டருக்குள் போனாள். கடைசித் தேதி ஆயுத பூஜைக்கு முந்தின நாள். மேலும் கீழும் நாலு தடவை தேடினாள். அதற்கு மேல் ஒரு படம்கூட இல்லை.

அடுத்த பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். மாஜிதா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயசிருக்கும். மடியில் பிளாஸ்டிக் பை. அதற்குள் மழைக்கு ஒழுகிய வீட்டில் நனைந்து, ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போன ஸ்கேன் படங்களும் மை கரைந்த ரிப்போர்ட்டும்.

"மதுரை டாக்டரு பழைய படத்தக் கேக்காரு அக்கா. கட்டி அன்னிக்கி இருந்த அளவுலயே இருந்தா மாத்திரையோட விட்டுரலாமாம். வளந்திருந்தா ஆபரேசன். குரலு பழையபடி வருமான்னு உறுதியாச் சொல்ல முடியாதுங்காரு. நான் மதரஸாவுல புள்ளைகளுக்கு ஓதிக் குடுக்கேன். குரலு போச்சுன்னா நான் என்ன செய்வேன்?"

"செத்த நேரம் இருங்க" என்று சொல்லிவிட்டு நாராயணி ஸ்கேன் அறைக்குள் போய் டாக்டருக்குப் போன் போட்டாள். ஸ்ரீஜா சுவரை ஒட்டி நின்றாள்.

டாக்டர் நம்பி முழுசாகக் கேட்டார். பிறகு கொதித்தார். "அஞ்சு மாசமா பேக்கப் போகலைன்னு தினம் மெசேஜ் வந்திருக்கும்லா? அதப் படிக்கத் துப்பில்லையா அந்தப் பொண்ணுக்கு? நாளையிலேருந்து வர வேண்டாம்னு சொல்லிரு. வந்தவங்ககிட்ட மிஷின் கோளாறுன்னு சொல்லி அனுப்பு."

அந்த மெசேஜ் நாராயணிக்குத் தெரியும். கார்த்திகை மாசம் ஒருநாள் ஸ்ரீஜா போனில் கூப்பிட்டாள். "அக்கா, தினமும் செவப்பா ஒரு பொட்டி வருது, பாஸ்வேர்டு தப்புன்னு போட்டிருக்கு" என்றாள். நாராயணி அப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில், மாமியாரின் மூத்திரப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "அத மூடிட்டு வேலையப் பாருட்டி, நான் பொறவு வாரேன்" என்று வைத்துவிட்டாள். ஸ்ரீஜா அன்றிலிருந்து சொன்னபடி தினமும் மூடினாள். இப்போது அதைப் பற்றி அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. அதுதான் நாராயணியைப் பிடுங்கித் தின்றது.

"சார், அவ எனக்குப் போன் பண்ணிக் கேட்டா. நான்தான் மூடச் சொன்னேன். பாஸ்வேர்டு மாத்த வாரேன்னு சொல்லிட்டு வரவும் இல்ல. தப்பு என்னோடதுதான்."

"சாயங்காலம் என் ரூமுக்கு வா" என்று சொல்லி டாக்டர் வைத்துவிட்டார்.

மிஷின் மேல் பழியைப் போடுவது சுலபம்தான்; மிஷின் மறுத்துப் பேசாது. ஆனால் மாஜிதாவின் எதிரே உட்கார்ந்ததும் நாராயணிக்கு அந்தப் பொய்யைச் சுமக்கத் தெம்பில்லை. சுமக்க ஏற்கனவே நிறைய இருந்தது. நடந்ததை நடந்தபடி சொன்னாள். படமும், அதே கம்ப்யூட்டரில் அடித்த ரிப்போர்ட்டும் எங்கேயும் இல்லை என்றாள். தன் தப்பு என்றாள்.

மாஜிதா கோபப்படுவாள் என்று காத்திருந்தாள். கோபப்பட்டிருந்தால் தேவலை. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கழுத்தில் இரண்டு விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள்.

"இன்னிக்கி எடுத்தா எம்புட்டு இருக்குன்னு தெரியும். ஆனா வளந்துச்சா இல்லையான்னு இனி யாருக்குமே தெரியாது. அப்படித்தானக்கா?"

"தெரியாது" என்றாள் நாராயணி.

மாஜிதா பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஊருக்குப் போகும் வத்திராயிருப்பு பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். ஸ்ரீஜா சொன்னாள். மாஜிதா வெயிலில் இறங்கி நடந்தாள். அவள் முனை திரும்பும் வரைக்கும் நாராயணி வாசலில் நின்றாள். அழ வேண்டும்போல் இருந்தது. அழுவதற்கும் கொஞ்சம் திராணி வேண்டும்.

உள்ளே வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். சிவப்புப் பெட்டி வந்து நின்றது. ஸ்ரீஜா பழக்கத்தில் அதை மூடக் கை நீட்டி, சட்டென்று இழுத்துக்கொண்டாள். நாராயணி சேமித்து வைத்த இடங்களின் பட்டியலைத் திறந்து, கறுப்புப் பெட்டியின் பெயரைத் தொட்டு, பழைய பாஸ்வேர்டை அழித்து, புதியதை அடித்தாள். சரி என்பதை அமுக்கினாள். பச்சை டிக் விழுந்தது.

ஸ்ரீஜா திரையையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்புட்டுத்தானாக்கா?"

"அம்புட்டுத்தான்" என்றாள் நாராயணி.