தங்கச்சி வேண்டாமென்ற நைற்றி

என் தங்கச்சி கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு வீட்டை விட்டு ஓடப் போகிறாள் என்று நான் முடிவு கட்டியது ஓட்டமாவடியில், ஒரு துணிக்கடைக்குள் வைத்து. அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஒரு நைற்றியைப் போட்டுப் பார்த்தாள், அவ்வளவுதான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

நான் பிறவிச் சந்தேகக்காரி. அப்பா வலையிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த மீனைக்கூடச் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் கறிக்கு எடுப்பேன். குவைத்தில் ஒரு வீட்டில் ஆறு வருடம் வேலை செய்தது அந்தக் குணத்தை இன்னும் முற்ற வைத்தது. பாஷை தெரியாத வீட்டில் யாராவது குரலைத் தாழ்த்தினால் நம்மைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தோன்றும். பாஷை பிடிபட்ட பிறகும் அந்த எண்ணம் போகவில்லை. நாட்டில் சண்டை முடிந்த வருடம் எங்கள் ஊர் மாங்கேணிக்குத் திரும்பி வந்தபோது அதையும் கூடவே கொண்டு வந்தேன்.

நான் குவைத்துக்குப் போனபோது எங்கள் வீடு கடலோரம் இருந்தது, அம்மாவும் இருந்தார். நான் போன அடுத்த வருடம் சுனாமி வந்தது. அம்மா கிணற்றடியில் நின்றபோது அலை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று அம்மாவின் தங்கச்சி, என் சின்னம்மா, தொலைபேசியில் சொன்னார். எனக்கு லீவு கிடைக்கவில்லை. பிறகு சண்டை, செல்லடி, இடம்பெயர்வு, முகாம். எல்லாவற்றையும் தொலைபேசியில்தான் கேட்டேன். திரும்பி வந்தபோது வீடு கடலை விட்டு றோட்டுப் பக்கம் வந்திருந்தது. வீட்டுத்திட்டத்தில் கட்டிக் கொடுத்த இரண்டு அறைக் கல்வீடு. அதற்குள் அப்பா, தங்கச்சி, சின்னம்மா மூன்று பேரும் இருந்தார்கள்.

மூன்று பேரும் எதையோ மறைத்தார்கள். அது எனக்கு முதல் கிழமையிலேயே தெரிந்துவிட்டது. நான் அடுப்படிக்குள் நுழைந்தால் கதை நிற்கும். பக்கத்து வீட்டுப் பெண் என்னைப் பார்த்ததும் ஏதோ கேட்க வாயெடுப்பார். சின்னம்மா கண்ணைக் காட்டுவார். அந்தப் பெண் உடனே மழையைப் பற்றிப் பேசத் தொடங்குவார். ஊரே எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்து வைத்திருந்தது. தங்கச்சி யாரையோ விரும்புகிறாள், அதைத்தான் என்னிடம் மறைக்கிறார்கள் என்று கணக்குப் போட்டேன். இருபத்திநான்கு வயதுப் பெண் இருக்கும் வீட்டில் மறைக்க வேறு என்ன இருக்கிறது?

அந்தக் கணக்கை என்னால் சும்மா விட முடியவில்லை. ஏனென்றால் மாப்பிள்ளை பார்த்தது நான். குவைத்தில் பக்கத்து வீட்டில் வேலை செய்த பழுகாமத்துப் பெண் எனக்குக் கூடப்பிறந்தவள் போல இருந்தாள். அவளுடைய தம்பிதான் மாப்பிள்ளை. மேசன் வேலை, குடி கிடையாது, அதிர்ந்து பேசாத மனிதர். எல்லாவற்றையும் நாங்கள் இருவரும் அங்கிருந்தே இரண்டு வீட்டாரோடும் தொலைபேசியில் பேசி முடித்திருந்தோம். தங்கச்சி அவரை இரண்டு தடவை பார்த்தாள், சரி என்றாள். அந்தச் ‘சரி’யை நான் ஒரு நாளும் முழுதாக நம்பவில்லை. அவள் ஓடிவிட்டால் அந்தச் சிநேகிதியின் முகத்தில் நான் எப்படி முழிப்பது? அதைவிட, ஆறு வருடம் நான் அங்கே கிடந்ததற்கு என்ன அர்த்தம்?

இனி நைற்றி விஷயம். கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு வீடு நிறைய ஆட்கள் படுப்பார்கள். போதாததற்கு, கல்யாணப் பெண் பாயிலிருந்து எழும்புவதிலிருந்து படம் எடுப்பேன் என்று வீடியோக்காரர் சொல்லியிருந்தார். பழைய உடுப்போடு எழும்பி நின்றால் அது காலத்துக்கும் அந்தச் சீடியில் கிடக்கும். நன்றாக நித்திரை கொள்ளவும் வேண்டும், இல்லாவிட்டால் முகம் வீங்கிவிடும். ஆகவே மெல்லிய பருத்தியில், உடம்பை உறுத்தாத ஒரு நல்ல நைற்றி வாங்கத்தான் அவளை ஓட்டமாவடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

கடைக்கார முதலாளி நல்ல பொறுமைசாலி. மேசை முழுக்க நைற்றிகளை விரித்துப் போட்டார். நான் ஒரு நாவல் நிறத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் உடுத்தியிருந்த உடுப்புக்கு மேலேயே அதைப் போட்டாள். கண்ணாடி பக்கம் போகவே இல்லை. குந்தி எழும்பினாள். காலை அகல வைத்து ஒரு எட்டு வைத்தாள். பிறகு கடை வாசல் வரைக்கும் விறுவிறுவென்று போய்த் திரும்பி வந்தாள்.

“கால் தட்டுது” என்றாள்.

கட்டையான ஒன்றைக் கொடுத்தேன். அதன் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தாள். “இதில பொக்கற் இல்ல.”

“படுக்கிற உடுப்புக்கு என்னத்துக்குப் பொக்கற்?”

அவள் அதைக் கீழே வைத்தாள். இன்னொன்றை எடுத்து, விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தபடி முதலாளியிடம் கேட்டாள். “இது இழுத்தாக் கிழியுமா?”

முதலாளிக்கு ரோசம் வந்துவிட்டது. “என்ன தங்கச்சி இப்பிடிக் கேட்டுட்டீங்க? ரெண்டு பேர் பிடிச்சு இழுத்தாலும் கிழியாது. நான் பொறுப்பு.”

அவள் அதை மடித்து மேசையில் வைத்துவிட்டாள். வேண்டாமாம். கிழியாத துணி வேண்டாம் என்கிறவளை நான் அன்றுதான் பார்த்தேன். முதலாளியும் என்னைப் பார்த்தார். வியாபாரத்தில் இப்படியொரு ஆளை அவரும் கண்டிருக்க மாட்டார்.

நாவல் நிற நைற்றியை நான் பிடிவாதமாக வாங்கினேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே யோசித்தேன். கால் தட்டக் கூடாது, பொக்கற் வேண்டும், எங்காவது மாட்டினால் கிழிய வேண்டும். வேலி பாய்ந்து ஓடுகிறவளைத் தவிர வேறு யாருக்கு இப்படி ஒரு உடுப்பு தேவை? பழைய விஷயங்களும் வரிசையாக வந்து நின்றன. நான் குவைத்திலிருந்து பேசும்போது எத்தனையோ தடவை இவள் இரண்டு வார்த்தையோடு தொலைபேசியை அப்பாவிடம் கொடுத்துவிடுவாள். என்னிடம் மனம் விட்டுப் பேசினால் காதல் கதை வெளியே வந்துவிடும் என்ற பயம்தான் காரணம் என்று இப்போது விளங்கியது.

வீட்டுக்கு வந்ததும் நேராகவே கேட்டேன். “உனக்கு இந்த மாப்பிள்ளையப் பிடிக்கல்லையா?”

“பிடிச்சிருக்கு எண்டு எத்தின தரம் சொல்ற அக்கா?”

“வேற ஆரையும்?”

என்னைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் நம்பியிருப்பேன். அவள் பாவம் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் வந்தது. முற்றத்தில் பந்தல் போட்டாகிவிட்டது. ஆண்கள் பந்தலுக்குக் கீழே கதைத்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார்கள். மாலையிலிருந்தே நான் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு தங்கச்சியைக் காவல் காத்தேன். கிணற்றடிக்குப் போனாலும் பின்னால் போனேன். மரக்கறி வெட்டியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் அறையில் பாய் விரித்து, நைற்றியை ஸ்திரி போட்டுத் தலையணையில் வைத்தேன். தங்கச்சி உள்ளே வந்தாள். நைற்றியை அப்படியே தூக்கி அலுமாரிக்கு மேல் வைத்தாள். தோய்த்துத் தோய்த்து நிறம் போன ஒரு பழைய சல்வாரைப் போட்டுக்கொண்டாள். ஐசி என்று நாங்கள் சொல்லும் அடையாள அட்டையை எடுத்துச் சல்வாரின் பக்கத்துப் பொக்கற்றில் வைத்து ஊசி குத்தினாள். தலைமயிரை இறுக்கிக் கொண்டை போட்டாள். செருப்பைக் கொண்டுவந்து, வாசலைப் பார்க்க, தலைமாட்டில் வைத்தாள்.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அவள் முகம் கழுவப் போன நேரத்தில் செருப்பை எடுத்து அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்தேன். என் பாயை இழுத்து அறை வாசலுக்குக் குறுக்கே போட்டு அதில் உட்கார்ந்தேன். என்னைத் தாண்டாமல் பூனைகூட வெளியே போக முடியாது.

திரும்பி வந்தவள் தலைமாட்டைப் பார்த்தாள். “செருப்பு எங்க?”

“படுக்கிறவளுக்குச் செருப்பு என்னத்துக்கு? ஐசி என்னத்துக்கு? விடிஞ்சாக் கல்யாணம். எங்க போகப் போற? அவன் எங்க நிக்கிறான், சொல்லு.”

குரலைத் தாழ்த்தித்தான் கேட்டேன். ஆனால் வெளியே மரக்கறி வெட்டும் சத்தம் நின்றுவிட்டது. சின்னம்மா எழும்பி வந்து வாசலில் நின்றார். தங்கச்சி என் முன்னால் பாயில் உட்கார்ந்தாள்.

“அக்கா, நான் அஞ்சு வருசமா இப்பிடித்தான் படுக்கிற. கேட்டுப் பார் சின்னம்மாக்கிட்ட. முகாமில தறப்பாளுக்குக் கீழயும் இப்பிடித்தான். நீ வந்து ஒரு மாசமாக் கூடத்தில படுக்கிற, நான் அறைக்குள்ள படுக்கிற. நீ காணல்ல.”

“அப்ப நைற்றி போட்டா என்ன? சண்டைதான் முடிஞ்சிட்டே.”

அவள் சின்னம்மாவைப் பார்த்தாள். சின்னம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அதை நான் கண்டுவிட்டேன். ஒரு மாதமாக என்னைச் சுற்றி நடந்துகொண்டிருந்த அதே தலையாட்டல். “மறைச்சது போதும், சொல்லு” என்றேன்.

“அம்மா கிணத்தடியில நிக்கல்ல” என்றாள் தங்கச்சி.

சுனாமி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா எழும்பி உடுப்பு மாற்றாமல் தேங்காய் துருவிக்கொண்டு இருந்திருக்கிறார். கடல் வருகுது என்று சத்தம் கேட்டதும் அம்மாவும் தங்கச்சியும் ஒன்றாக ஓடியிருக்கிறார்கள்.

“நீ முதல் வருசம் அனுப்பின நைற்றி, அக்கா. அம்மாக்கு நிலத்தில இழுபடும். நான் வெட்டித் தைச்சுத் தாறன் எண்டு சொன்ன. வெளிநாட்டுச் சாமான், வெட்டினாப் பாழாப் போயிரும் எண்டு அம்மா விடல்ல. ஓடக்குள்ள ரெண்டு தரம் தடக்கி விழுந்தவ. பிறகு முள்ளுக்கம்பி வேலியில கொழுவிட்டு. நான் பிடிச்சு இழுத்த. ரெண்டு கையாலயும் இழுத்த. அது நல்ல துணி அக்கா. கிழியல்ல.”

அந்த நைற்றியை நான்தான் கடையில் தேர்ந்தெடுத்தேன். விளிம்பை இழுத்துப் பார்த்து, நெடுநாள் உழைக்கும் என்று திருப்திப்பட்டு வாங்கினேன். அம்மாவுக்கு நல்லதாக வாங்க வேண்டும் என்று நினைத்தேன்.

“ஆருக்கெல்லாம் தெரியும்?” என்று கடைசியில் கேட்டேன்.

“எல்லாருக்கும் தெரியும்” என்றார் சின்னம்மா. “நீ அங்க தனியக் கிடக்கிற புள்ள. இதக் கேட்டு ஒண்டு கிடக்க ஒண்டு செய்துக்கிட்டா உன்ன ஆர் பாக்கிற? ஒருத்தரும் சொல்லக் கூடாதெண்டு உன்ர அப்பாதான் வீடு வீடாப் போய்ச் சொன்னவர்.”

என்னுடன் கதைக்க வாயெடுத்து மழைக்குத் தாவியவர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். அத்தனை பேரையும் நான் கள்ளர் என்று நினைத்திருந்தேன். எனக்கு எதிராக மறைக்கிறார்கள் என்றே நினைத்தேன். எனக்காக யாராவது எதையாவது மறைப்பார்கள் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக, வேலியில் மாட்டி நிற்கும் அம்மா கண்ணுக்குள் வந்து நின்றார்.

“உனக்கு என்னில கோபமா?” என்று தங்கச்சியிடம் கேட்டேன்.

“அப்ப கோபம்தான்” என்றாள். “ரெண்டு வருசம் உன்ர குரல் கேட்டாப் போனை அப்பாக்கிட்டக் குடுத்திருவன். பிறகு போயிட்டு. நீ தெரிஞ்சா செய்த?”

அவள் படுத்த கொஞ்ச நேரத்தில் நித்திரையாகிவிட்டாள். நான் விடியும்வரை அழுதேன். காலையில் வீடியோக்காரர் வந்தபோது தங்கச்சியின் முகம் தெளிவாக இருந்தது. வீங்கியிருந்தது என் முகம்தான். அவள் நிறம் போன சல்வாரோடு எழும்பி நின்று சிரித்தாள். மனிதர் முணுமுணுத்துக்கொண்டே படம் எடுத்தார். கல்யாணம் குறித்த நேரத்தில் நடந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை எங்கள் வீட்டிலேயே வந்து இருந்தார்.

பத்து நாள் போயிருக்கும். தங்கச்சி கோயிலுக்குப் போயிருந்தாள். நான் முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வந்து பக்கத்தில் நின்றார், போனார், மறுபடியும் வந்தார்.

“மச்சாள், ஒண்டு கேட்டாக் கோவிக்கக் கூடாது.”

“கேளுங்க தம்பி.”

“இவ ராவையில ஐசியையும் வச்சுக்கிட்டு, செருப்பையும் தலைமாட்டில வச்சுக்கிட்டுப் படுக்கிறா. கேட்டாச் சும்மா எண்டு சொல்றா. விருப்பமில்லாமக் கட்டிக் குடுத்திட்டீங்களோ? இல்லாட்டி வேற…”

அவர் முகத்தில் இருந்ததை நான் நன்றாக அறிவேன். அதே சந்தேகத்தோடுதான் வாசலுக்குக் குறுக்கே பாய் போட்டு உட்கார்ந்திருந்தேன். சுனாமிப் பயம் என்று இரண்டு வார்த்தையில் சொல்லி அனுப்பியிருக்கலாம். இந்தக் கரையில் யாரும் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். ஆனால் இந்த மனிதர் அவள் பக்கத்தில் காலம் முழுக்கப் படுக்கப் போகிறவர். அரைகுறையாகச் சொன்னால் மிச்சத்தைச் சந்தேகம் எப்படி நிரப்பும் என்று எனக்குத் தெரியாதா? தங்கச்சியும் தன் வாயால் அதைச் சொல்ல மாட்டாள். சொன்னால் என் பெயரைச் சொல்ல வேண்டி வரும்.

கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினேன். அவரை உட்காரச் சொன்னேன்.

“நான் குவைத்துக்குப் போன முதல் வருசம் அம்மாக்கு ஒரு நைற்றி வாங்கி அனுப்பின, தம்பி” என்று தொடங்கினேன்.