எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போச்சி

வூட்டு மெயின் போர்டுல வெள்ளையா ஃபியூஸ் கட்டை இருக்குமே, அத மிஷினுல அழுத்தி எடுக்குறவரு எங்க பீங்கான் கம்பெனி பூபாலன். அது ஓரத்துல பிசிறு எடுக்குறது என் வேலை. பொய்யின்னா என்னன்னே தெரியாத மனுஷன். லீவு கேக்கக்கூட தலைவலின்னு சொல்ல வராது, தூக்கமா வருதும்பாரு.

அவருக்கு ஒரே பொண்ணு, வெண்பா. பதினொண்ணாவது படிக்குது. பத்தாவதோட நிறுத்திக் கட்டிக் குடுத்துடுன்னு அவரு அண்ணனுங்க ஒத்தக் கால்ல நின்னாங்க. எம் பொண்ணு மேல எனக்கு நம்பிக்கை இருக்குதுன்னு அடம்பிடிச்சி ஸ்கூலுல சேத்தாரு. பொண்ண வச்சி ஒரு பேச்சு கெளம்புனா போதும், அன்னிக்கே படிப்பு காலி.

கெளப்புனவரு சரக்கு வேன் ஓட்டுற கொளஞ்சிநாதன். ஊர் வம்பு பேசலன்னா அந்தாளுக்குச் சோறு எறங்காது. பெண்ணாடத்துல சரக்கு எறக்கிட்டு வந்தவரு, டீ நேரத்துல எல்லாரு முன்னாடியும் போட்டு ஒடச்சாரு: ஒம் பொண்ணு யூனிஃபாரத்தோட ஒரு பையன்கூட ஜூஸு கடையில ஒக்காந்திருக்குது.

பூபாலன் டீய ஒரு வாய் குடிச்சாரு. "தெரியும்ணே. எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போச்சி."

கொளஞ்சிநாதன் மூஞ்சி தொங்கிப்போச்சி. ஆனா பூபாலனுக்கு ஒரு எழவும் தெரியாது. அதுக்கப்பறம் சாயங்காலம் வரைக்கும் அவரு அழுத்துன கட்டை பாதி வீணாப்போச்சி.

மறுநாளு அவரே எங்கிட்ட சொன்னாரு. வூட்டுக்குப் போயி பொண்ண எதிர்ல ஒக்கார வச்சிருக்காரு. "நீ சொல்லிட்டுத்தான் போனேன்னு ஒனக்காக நாலு பேரு முன்னாடி பொய் சொல்லிட்டேன். இப்பவாச்சும் சொல்லும்மா"ன்னு கேட்டிருக்காரு. பொண்ணு அழுதுகிட்டே எல்லாத்தையும் கொட்டிடுச்சி. டியூஷன்ல பழக்கமான பையனாம், ஸ்கூலுக்கு மட்டம் போட்டுட்டுப் போச்சாம்.

எங்கிட்டயா இருந்தா வெளக்கமாறு பிஞ்சிருக்கும்னேன். அவருக்கும் கையி துறுதுறுன்னுதான் இருந்துச்சாம். மட்டம் போட்டதுக்கு மட்டும் கண்டிச்சிட்டு வுட்டுட்டாரு. நெசத்த சொன்னதுக்கு அடிச்சா, அப்பறம் எம் பொண்ணப் பத்தி கொளஞ்சிநாதன் சொல்லித்தான் நான் தெரிஞ்சிக்கணும்னாரு. போய்யா, நல்லா வளத்த போன்னு நான் திட்டிட்டு வேலையப் பாத்தேன்.

பொங்கல் முடிஞ்சி ஒருநாளு வேலை நடுவுல அவருக்குப் போன் வந்துது. வெண்பாதான். பழக்கத்த நிறுத்திக்கலாம்னு அது சொன்னதுலேருந்து, ஜூஸு கடையில எடுத்த போட்டோவ ஊரு பூரா அனுப்புவேன்னு அந்தப் பய மெரட்டுறானாம். இப்ப பெண்ணாடம் பஸ் ஸ்டாண்டுல வழிமறிச்சி நிக்கிறானாம். "பயமா இருக்குதுப்பா, வாங்க"ன்னுச்சாம். இந்த மாதிரி மெரட்டலுக்குப் பயந்து எத்தன புள்ளைங்க உள்ளுக்குள்ளயே வச்சிகிட்டு உசுர வுடுதுங்க! என் ஸ்கூட்டியில அவர ஏத்திகிட்டுப் பறந்தேன்.

திட்டக்குடி பஸ்ஸு நிக்கிற எடத்துல பொண்ணு நின்னுது. அப்பாவப் பாத்ததும் ஓடியாந்து, களிமண்ணு ஒட்டுன அவரு கையப் புடிச்சிகிச்சி. அப்பறம் அந்தப் பயல நேராப் பாத்துச்சி. "எங்கப்பா நிக்கிறாரு பாரு. அந்தப் போட்டோவ மொதல்ல இவருகிட்ட காட்டு."

பய காட்டல. கெளம்புன பஸ்ஸுல தொத்திகிட்டுப் போயிட்டான். பூபாலன் வாயத் தொறக்க வேண்டிய வேலையே இல்லாமப் போச்சி.